கேமுக்கு இழுத்த வயர்

அக். 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. டிஸ்பென்சரி கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு வாளி, இன்னொன்றுக்கு எனாமல் தட்டு.

இன்று வந்தவை:

தலை – 1. அண்ணன் தம்பி தகராறு, கவாத்துக் கத்தியால். நல்லவேளை, பிடிப்பக்கம்.

உதடு – 1. "கதவுல இடிச்சுட்டேனுங்க சிஸ்டர்." இந்த மாதத்தில் அந்தக் கதவு அவளை இடிப்பது மூன்றாவது தடவை.

விரல் – 1. விறகு வெட்டும்போது.

இருமல் – எண்ணவில்லை.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி பூட்டு. சம்பளம் இல்லாமல் நான்காவது மாதம். வேலை இருந்தவரை செடியை வெட்டினார்கள், இப்போது ஒருவரை ஒருவர். டாக்டர் குன்னூரிலிருந்து வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார், தையல் போடுவதும் நானே. பஞ்சு தீரப்போகிறது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். தம்பி ஜெயராஜ் ஸ்வெட்டர் முழங்கை தைக்க வேண்டும்.

என் தம்பி ஃபேக்டரி எலக்ட்ரீஷியன். ஃபேக்டரி ஓடாத எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்? டி.வி. கேம் ஆடுவான். நான் மட்டும் என்னவாம், டிஸ்பென்சரி பூட்டியதும் நேரே வந்து இன்னொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கிறேன்.

அக். 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

ஜெ.யோடு சண்டை. என்னைக் குழியில் தள்ளிவிட்டான், கேமில்தான். ஜாய்ஸ்டிக்கை அவன் மேல் எறிந்தேன். நெற்றியில் புடைப்பு. நானே ஐஸ் தேடி, இல்லாமல், ஈரத்துணி வைத்தேன். முப்பத்தொரு வயதுக் கழுதை நான்.

கோயமுத்தூரில் வாங்கி வந்த கேசட். அட்டையில் ஜப்பான் எழுத்து, பெயர் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டாவது'. முதல் பாகத்தை அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் குன்னூர் மார்க்கெட் கடையில் ஆடியிருக்கிறோம். கதை ஒன்றும் இல்லை. இடமிருந்து வலமாக ஓட வேண்டும், பள்ளம் தாண்ட வேண்டும், எதிரே வருகிறவனை இரும்புத் தடியால் அடிக்க வேண்டும். நான் மஞ்சள் சட்டை, அவன் பச்சைச் சட்டை. ஆளுக்கு மூன்று உயிர். முதல் பாகத்தில் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் ஆட முடியும். ரெண்டாவதில் இருவரும் ஒன்றாக ஓடலாம். வம்பே அதில்தான். நம் அடி நம் ஆள் மேலும் விழும்.

ஏழு ஸ்டேஜ். ஏழாவதை நாங்கள் பார்த்ததே இல்லை. பாதியில் நிறுத்திப் பத்திரப்படுத்த வழி கிடையாது, கேம் பெட்டி அணைந்தால் முதலிலிருந்து. அதனால் ஜெ. ஆட்டத்தை அப்படியே நிற்க வைத்து டி.வி.யை மட்டும் அணைக்கிறான். பெட்டி இரண்டு நாளாக அணையவில்லை. சூடாகிறது என்று அடியில் இரண்டு மருந்து பாட்டில் முட்டுக் கொடுத்திருக்கிறான், காற்று போகட்டுமாம்.

மாலை முனியாண்டி அண்ணன் வந்தார். கொழுந்து உருட்டும் ரோலரில் இருபது வருஷம் நின்றவர், சிலோனிலிருந்து திரும்பியவர். ஜெ.க்கு ஃபேக்டரி வேலையெல்லாம் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவன் மாமா என்பான். என்னை மிஸி என்பார், அங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"மிஸி, இருமல் மருந்து கொஞ்சம் இருக்கா?"

உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் படியில் லைன் வீட்டுத் தொழிலாளர்கள் ஏறுவதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் இன்னும் காலில் ஒட்டியிருக்கிறது. மழையில் நின்றே பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்.

அக். 11, வியாழன்

துரை, எங்கள் எஸ்டேட் மேனேஜர், கரண்ட்டை வெட்டிவிட்டார். லைன், குவார்ட்டர்ஸ், டிஸ்பென்சரி, எல்லாம். இருட்டில் எத்தனை நாள் இருப்பார்கள், தானாகக் கிளம்பட்டும் என்று கணக்கு. ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் மட்டும் ஜெனரேட்டர்.

ஆறாவது ஸ்டேஜில் நின்றிருந்த எங்கள் ஆட்டமும் போயிற்று. ஜெ. சாப்பிடவில்லை. சுவரை ஒரு குத்து குத்தினான், விரல் கணு பிளந்தது. டிஞ்சர் போட்டேன்.

"மூணு நாளு ஆடுனது அக்கா. மூணு நாளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

மெழுகுவத்தி 6. தீப்பெட்டி 2.

அக். 12, வெள்ளி

எழுதக் கூடாததை எழுதுகிறேன். ஜெ.யிடம் ஃபேக்டரி பேனல் ரூம் சாவி இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துவிட்டான். தேயிலைச் செடிக்கு அடியிலேயே, மூன்று வரிசை, கோழிக்கூட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னல் வழியாக. கறுப்பு வயர். கவாத்து இல்லாமல் செடி இடுப்புக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது, கண்ணில் படாது.

"பல்பு மட்டும் போடாத" என்றேன். லைன் முழுக்க இருட்டு, எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம் என்றால் பார்ப்பவர்களுக்கு வயிறு எரியாதா? ஜன்னலில் கம்பளி கட்டினோம். மெழுகுவத்தி ஏற்றி வைத்தோம். அதற்குப் பக்கத்தில் டி.வி. கேம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழாவது ஸ்டேஜ் எப்படியிருக்கும் என்று எனக்கும் ஆசை.

தலை – 2. கை – 1. விறகுக்கு அடித்துக்கொண்டார்கள்.

அக். 13, சனி

மூடுபனி. எதிரே நிற்பவர் தெரியவில்லை.

டிஸ்பென்சரி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வியாழனிலிருந்து கரண்ட் இல்லை. டி.டி. ஊசி மருந்து மொத்தமும் வீண். கேமுக்கு வயர் இழுத்தோம், ஃப்ரிட்ஜுக்கு இழுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என்ன ஜென்மம் நாங்கள்.

வரிசையில் நின்றவர்கள் பேச்சு:

"தொரை மெசின லாரியில ஏத்தப்போறானாம்."

"ஸ்டாஃப்ல எவனோ ஒருத்தன் தொரையோட ஆளு. நாம எங்க காவல் நிக்கிறோம்னு அப்பப்ப தகவல் போவுது."

"கையில கெடைக்கட்டும், கால ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்."

மெஷின் போய்விட்டால் ஃபேக்டரி திறக்கவே திறக்காது. அதனால் ராத்திரி பகலாக முறை போட்டுக் காவல் நிற்கிறார்கள். கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டேன். வயர் ஞாபகம் வந்தது. இன்றே கழற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் ஐந்தாவது ஸ்டேஜ் ஓடிக்கொண்டிருந்தது.

அக். 16, செவ்வாய்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தா. வெயில். பேனா பக்கத்துப் படுக்கைக்காரருடையது.

ஞாயிறு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சர்ச் முடிந்து வந்து ஏழாவது ஸ்டேஜில் நுழைந்தோம். எரிகிற பாலம். ஜெ.க்கு ஒரே உயிர், எனக்கு இரண்டு. அவன் முன்னால் ஓடினான். வெளியே சத்தம். ஆட்டத்தை நிற்க வைத்துவிட்டு எழுந்தான்.

ராஜம்மா, கொழுந்து பறிக்கிறவள், வீட்டுக்குக் கொஞ்சம் தேயிலைத்தூள் வறுத்துக்கொள்ள இலை கிள்ளப் போனவளின் காலில் வயர் தடுக்கியிருக்கிறது. ஒரு முனை ஃபேக்டரிக்கு, மறுமுனை எங்கள் ஜன்னலுக்கு. இதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும்?

முற்றத்தில் நாற்பது பேர் இருக்கும். அப்போதும் படி ஏறவில்லை. "எறங்கி வாடா" என்றார்கள். அடிக்க வந்த இடத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஏறி வந்திருந்தால் கேமைப் பார்த்திருப்பார்கள். முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

முன்னால் முனியாண்டி. ஒரு கையில் வயர், இன்னொரு கையில் ரோலர் கம்பி.

"இது யாரு இழுத்தது தம்பி?"

"நாந்தாங்க மாமா."

"எதுக்கு?"

ஜெ. என்னைப் பார்த்தான். எதிரே நான்கு மாதமாக அரைவயிறாகக் கிடப்பவர்கள். கேம் ஆட என்று எந்த வாயால் சொல்வான்? காது சிவந்துவிட்டது.

"சும்மா மாமா. லைட்டுக்கு."

"ஒங்க ஊட்டுல லைட்டே எரியலியே. மெழுகுவத்திதான எரியுது. கதவு தொறந்தப்ப நானே பாத்தேனே."

நானாவது சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வயது ஆம்பளை, முப்பத்தொரு வயது நர்ஸ், டி.வி. கேம் ஆடினோம் என்று சொல்ல வெட்கம். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

கூட்டத்தில் ஒருவன்: "தொரைக்குப் போன் பேசற மெசினு வெச்சிருக்கானுங்க."

முதல் கல் தோளில். இரண்டாவது யார் போட்டது தெரியாது. மூன்றாவதாக அந்தக் கம்பி. முனியாண்டிதான். நான் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேல் இறங்கியது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஜெ. மண்டிபோட்டான். மறுபடி ஓங்கினார். நான் குறுக்கே விழுந்தேன், என் முதுகில் பட்டது. அதற்குள் யாரோ வயரைப் பிடுங்கி இழுக்க, உள்ளே பெட்டி விழுந்த சத்தம் கேட்டது.

மண்ணோடு ரத்தம். என் புடவையைக் கிழித்துக் கட்டினேன். கொழுந்து ஏற்றும் டிராக்டரில் கோத்தகிரி, அங்கிருந்து ஆம்புலன்ஸ்.

கண்ணில் கட்டு. திங்கட்கிழமை பிரித்துப் பார்த்துச் சொல்வார்களாம். வலியில் ஜெ. கேட்டது: "அக்கா, பெட்டி ஒடஞ்சுருச்சா?"

அறையலாம் போலிருந்தது. அழுதேன்.

அக். 18, வியாழன்

எஸ்டேட்டுக்குத் திரும்பினேன். சித்தி மகன் ஜெ.யோடு இருக்கிறான். மாற்றுத் துணி எடுக்க வேண்டும், டிஸ்பென்சரி சாவியும் என்னிடம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கூச்சல். லாரி வந்திருக்கிறது. துரை கூட்டி வந்த வெளியூர் ஆட்கள் முப்பது பேர், தடியோடு. லைன் ஆட்கள் கல்லோடு. ஃபேக்டரி கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. லாரி டயர் அத்தனையையும் கவாத்துக் கத்தியால் கிழித்துவிட்டார்கள். மெஷின் நகரவில்லை.

மதியத்துக்குள்: தலை – 7. கை எலும்பு – 2. பல் – ஒரு வாய் நிறைய.

கடைசியாக இரண்டு பேர் முனியாண்டியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். இடது முன்கை, கண்ணாடி கிழித்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வாய் பிளந்து. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன்.

மரத்துப்போக வைக்கிற மருந்து அலமாரியில் இருந்தது. மூன்று பாட்டில். கண்ணெதிரே.

போடவில்லை.

பதினான்கு தையல். ஊசியை வேண்டுமென்றே மெதுவாக இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், பெஞ்சே ஆடியது. கையை மட்டும் இழுக்கவில்லை. மருந்து போடவில்லை என்று அவருக்குத் தெரியும். ரோலரில் விரல் மாட்டியபோது போன வருஷம் நானே போட்டிருக்கிறேன்.

முடித்ததும் கேட்டார்: "தம்பி கண்ணு?"

"திங்கக்கிழமை தெரியும்."

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இன்னும் இரண்டு தையல் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. இதை எந்தப் பாதிரியாரிடம் போய்ச் சொல்வது? சந்தோஷமாக இருந்தது.

பெட்டி தரையில் கிடந்தது. மூலை நொறுங்கியிருக்கிறது. மருந்து பாட்டில் இரண்டும் உடையவில்லை.

அக். 20, சனி

தூறல். கரண்ட் வந்துவிட்டது. லாரி வெறுமனே போனது, பேச்சுவார்த்தை நடக்கிறதாம். லைனில் எல்லா வாசலிலும் பல்பு, பகலிலும் எரிகிறது. யாருக்கும் அணைக்க மனமில்லை.

பெட்டியை மாட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. முதல் ஸ்டேஜிலிருந்து.

அக். 22, திங்கள்

மழை.

பதினொரு மணிக்கு ஆபீஸ் போனுக்கு ஜெ. கூப்பிட்டான். கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இனி அவ்வளவுதான் என்றார்களாம்.

"ஒரு கண்ணு போதுங்க்கா. கேம் எல்லாம் ஒரு பக்கந்தான ஓடுது" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு முனியாண்டி, கட்டு மாற்ற. தையல் சுத்தமாக இருக்கிறது, சீழ் இல்லை. நல்ல கை எனக்கு. கண் போனதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்.

"மிஸி, நெசத்தச் சொல்லுங்க. அந்த வயரு எதுக்கு?"

"கேம் ஆட."

"என்னா கேமு?"

"வாங்க."

படியில் நின்றுவிட்டார். ஏறுங்கள் என்றேன். செருப்பைக் கழற்றினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஏறி உள்ளே வந்தார். நாற்காலி இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார். ஜன்னலில் இன்னும் அந்தக் கம்பளி. பெட்டியைப் போட்டேன். ஜெ.யின் ஜாய்ஸ்டிக்கை அவர் மடியில் வைத்தேன்.

"இதுல நான் யாரு?"

"பச்சைச் சட்டை."

எதிரி யாரும் இன்னும் வரவில்லை. நான் திரும்பி அவரைத் தடியால் அடித்தேன். விழுந்தார். எழுந்தார், மறுபடி அடித்தேன். மூன்று உயிரும் முடிய ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவர் விரல் எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை.

டி.வி.யைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், நொறுங்கிய மூலையை.

"இதுக்கா மிஸி?"

"இதுக்குத்தான்."

"இதத் தம்பி அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

மழை பலத்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிளம்புவார் என்று நினைத்தேன். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். மறுபடி மூன்று உயிர் வந்தது. அடித்தேன்.