வழி-5ஐ நிறுத்த வேண்டாம்

வெண்பள்ளம் நிலையம், நிலவின் தென்துருவம்
பணிப் பதிவு: நப்பின்னை, கணினிப் பொறியாளர்

நாள் 212, 06:10

எல்லாம் வழக்கம்போல. ஹோஸ்ட் கணினி ஒன்று. அதற்குள் தனித்தனிக் கணினிகளைப் போல ஓடும் மெய்நிகர் எந்திரங்கள் நான்கு. ‘லிஸ்ட்’ கட்டளைக்கு வந்த விடை: காற்று-5, வெப்பம்-5, செய்தி-5, வழி-5. நான்கும் ஓடுகின்றன. நேற்று முன்தினம் அடித்த சூரியப் புயலுக்குப் பிறகு நினைவகப் பலகை ஆறில் ஒன்று பிழை காட்டுகிறது. டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது.

இந்த நிலையத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள் அருள்சீலன். துளைக்களத்திலிருந்து ஊர்தியில் கிளம்பிவிட்டார். மீதம் 150 கி.மீ. இந்தப் பள்ளத்தின் அடியில் வெயில் ஒருபோதும் விழாது. ஊர்தியின் சொந்தக் கணினி புயலில் செத்துவிட்டது. அதன் ரேடார் பார்ப்பதை இங்கே அனுப்புகிறது. வழி-5 அதைப் படித்து, எங்கே பிளவு, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நிமிடத்துக்கு நிமிடம் சொல்கிறது. போனது கிழக்குச் சுற்று, வருவது மேற்குச் சுற்று. பார்த்துக்கொண்டே வர அவருடைய சக்கரத் தடம்கூட அங்கே இல்லை.

அவர் வருவதற்குள் டிஸ்க்கைச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னேன். “நிலாவையும் ஒருக்கா பெருக்கிப் போட்டுருங்கக்கா, ஒரே தூசியா கெடக்கு” என்றார்.

06:45

இந்த நிலையத்தில் ஒரு பழக்கம். புதிதாக வரும் குழு, பழைய குழுவின் எந்திரங்களைத் தொடாது. நகலெடுத்து, பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைக் கூட்டி, அதன் மேல் வேலை செய்யும். எது எதற்குத் தேவை என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால் யாரும் எதையும் அழிப்பதில்லை. எனக்கு அது பிடிப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். கணவரும் நானும் பிரிந்தபோது என் பங்குப் பொருள்களை ஒரே மதியத்தில் கட்டி முடித்தேன். பாதியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

‘சோதனை-பழசு’ என்று ஓர் எந்திரம். ஒன்பது ஆண்டுகளாக யாரும் இயக்கவில்லை. 600 ஜி.பி. அதையும் அதன் டிஸ்க் கோப்பையும் சேர்த்து நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். உறுதியா என்று கேட்டது. ‘ஆம்’ என்றேன்.

06:52

டிஸ்க் இன்னும் 97 சதவீதம்.

அழித்த கோப்பின் இடம் காலியாகவில்லை என்றால் ஒரே ஒரு காரணம்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் எந்திரம் அதைத் திறந்து வைத்திருக்கிறது.

07:05

வழி-5.

வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துத் திருத்தங்களை மட்டும் தாளில் எழுதுவார்களே, அதுபோலத்தான் இந்த நகல்கள். வழி-5இன் டிஸ்க்கில் இருப்பது திருத்தங்கள் மட்டும். அடியில் இருந்த வரைபடம் ‘சோதனை-பழசு’. அதன் பெயரை நான் அழித்துவிட்டேன். வழி-5 ஓடும் வரை உள்ளடக்கம் அதன் பிடியில் இருக்கும். நின்ற நொடியில் போய்விடும்.

அழிப்பதற்கு முன் இதைப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கட்டளை. இன்று அதைப் போடவில்லை.

08:00

திறந்திருக்கும் கோப்பிலிருந்து நகலெடுக்க முயன்றேன். இடம் வேண்டும் என்பதற்காக நான்கு ஆண்டுத் துளை அளவீடுகளை அழித்தேன். இந்த முறை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு. நகல் நான்கு சதவீதம் ஆனபோது கோப்பைப் படிப்பதில் பிழை வந்து, வழி-5 தானாக ‘இடைநிறுத்தம்’ என்ற நிலைக்குப் போனது. ‘ரெஸ்யூம்’ கொடுத்தேன். மீண்டும் ஓடியது. இடைநிறுத்தம் பரவாயில்லை, தூங்குவதைப் போல. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் ஊர்தியின் இடக்கணக்கு தவறிவிடும். நகலெடுப்பதைக் கைவிட்டேன்.

08:40

இரண்டாவது நினைவகப் பலகையும் போய்விட்டது. வழி-5 மறுபடி நின்றது. வேறோர் எந்திரத்திலிருந்து நினைவகத்தை எடுத்துக் கொடுத்தால்தான் ஓடும். செய்தி-5ஐ ஷட்டவுன் செய்தேன். பூமியோடு பேச்சு இல்லை, ஊர்தியோடு பேசும் ரேடியோ தனி. அருள் வந்ததும் அதைக் கிளப்பிக்கொள்ளலாம்.

நின்றதும் தானே ரெஸ்யூம் செய்ய ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன். பலகை எது, எவ்வளவு நினைவகம் எங்கிருந்து எடுப்பது என்று பார்க்காமல் கண்மூடித்தனமாக ஓட்டப் பார்த்தது. நல்லவேளை, தடுத்துவிட்டேன். ஆள்தான் உட்கார வேண்டும்.

09:15

பலகை ஒன்று ஆறியதும் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் பூமியிடம் கேட்கலாம் என்று செய்தி-5ஐ இயக்கினேன். இயங்கவில்லை. ‘அடிப்படை டிஸ்க் காணவில்லை.’

மற்ற இரண்டையும் பார்த்தேன். காற்று-5, வெப்பம்-5. நான்குக்கும் அடியில் இருந்தது அதே கோப்பு.

இங்கே ஓடுபவை ஓடும் வரைதான். எதை நிறுத்தினாலும் அது திரும்ப வராது.

09:50

அருளிடம் சொல்லிவிட்டேன். மீதம் 77 கி.மீ. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

நான்: “அருள், வழி-5 உக்காந்திருந்த டிஸ்க்க நான் அழிச்சிட்டேன். பழசுன்னு நினைச்சேன். ஓடிட்டு இருக்கிற வரைக்கும்தான் அது இருக்கும். நின்னுதுன்னா திரும்ப வராது.”



அருள்சீலன்: “சோதனை-பழசா?”

நான்: “ஆமா.”

அருள்சீலன்: “ஏழு மாசமா அதப் பாத்து மொறச்சுக்கிட்டே இருந்தீயளே.” பிறகு, “சரிக்கா. நீங்க அத நிக்காம பாத்துக்கிடுங்க. நான் நிக்காம வாரேன்.”

திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கமாக இருந்தது.

11:00

இன்னும் இரண்டு பலகைகள் போயின. இவை ஆறியும் திரும்பவில்லை. மூன்றில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். காற்று-5 சிறியது, அதை நிறுத்தினால் போதாது. வெப்பம்-5 அல்லது வழி-5.

வழி-5ஐ நிறுத்தினால் எனக்கு இளஞ்சூடான அறை, அடுத்த கப்பல் வரும் வரை காற்று, உணவு. அருள் 55 கி.மீ. தொலைவில், பிளவுகளுக்கு நடுவே, விளக்கு காட்டும் இருபது மீட்டருக்குள்.

வெப்பம்-5ஐ நிறுத்தினால் இந்த நிலையம் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். வெப்பக் குழாயைக் கையால் திறக்கும் வால்வு வெளியே இருக்கிறது, குழாய் உறைவதற்குள் திறக்க வேண்டும், ஆனால் நான் இந்தத் திரையை விட்டுப் போக முடியாது. அருள் வந்து சேர்ந்தால் இருவரும் ஊர்தியில் 74 கி.மீ. ஓட்டி மேட்டு முகாமுக்குப் போக வேண்டும். ஆளில்லாத குடில், வானிலிருந்து இறக்கியது. தனி வெப்பம், தனி ரேடியோ, நாற்பது நாள் உணவு உண்டு. தரைவழியே அங்கே யாரும் போனதில்லை. அதற்கும் வழி-5 ஓட வேண்டும்.

11:06

வெப்பம்-5ஐ ஷட்டவுன் செய்தேன்.

நடுவில் உள்ள ஆறு நிமிடத்தில் நான் எதைக் கணக்குப் போட்டேன் என்பதைப் பதிவிலிருந்து மறைக்க விரும்பவில்லை. மற்றதையும் கணக்குப் போட்டேன்.

12:20

உள்ளே மைனஸ் 9. விண்வெளி உடையின் கையுறையோடு தட்டச்சு செய்ய முடியாது. கழற்றினால் விரல்கள் மரத்துப்போகின்றன. வழி-5 இதுவரை பதினான்கு தடவை நின்றது. பதினான்கு தடவையும் ரெஸ்யூம்.

மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வரும். முந்தையவற்றில் ‘ஷட்டவுன்’ இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் முழுவதும் தட்டுகிறேன். எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் என்டர்.

அறையில் சூடாக இருப்பது ஹோஸ்ட் அலமாரியின் பின்பக்கம் மட்டும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

13:10

மைனஸ் 21. எழுத முடியவில்லை. இருபத்திரண்டாவது தடவை. அதில் ஒரு தடவை நூற்றுப் பத்து வினாடி ஆகிவிட்டது. ரெஸ்யூமுக்கு எழுத்துகள் வரவில்லை. விரல் எது என்று பார்த்துப் பார்த்து

அருள் கேட்டார், தூங்குகிறீர்களா என்று. இல்லை என்றேன். “அப்ப பேசிக்கிட்டே இருங்கக்கா. எதாச்சும். எங்க ஊரு பரோட்டாவ கொறை சொல்லுங்க, அதுக்குன்னா ஒங்களுக்கு நாக்கு நல்லா வரும்.” சொன்னேன். இருபது நிமிடம் சொன்னேன்.

13:52

ஊர்தி விளக்கு. கண்ணாடி வழியாக, நிஜமான வெளிச்சம்.

14:25

அருள் உள்ளே வந்து, என் கைகளைத் தன் சூட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, காற்று உருளைகளை ஊர்தியில் ஏற்றினார். இதை அவர் தட்டச்சு செய்கிறார், நான் சொல்லச் சொல்ல.

காற்று-5ஐ நிறுத்திவிட்டோம். இங்கே இனி மூச்சுவிட யாருமில்லை. மிச்சமிருக்கும் நினைவகம் முழுவதும் வழி-5க்கு. வேறெங்கிருந்தும் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லாததால் ஆள் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை, நின்றால் ரெஸ்யூம் என்பதைத் தவிர. அதைக் காலையில் எழுதிய சிறு நிரலே செய்யும். அரை மணிக்கு ஒருமுறை நிலையை இந்தப் பதிவில் எழுதும். வாக்கியங்கள் என்னுடையவை.

இதைப் படிப்பவருக்கு: முதலில் ‘லிஸ்ட்’ கொடுங்கள். வழி-5 ஓடிக்கொண்டிருந்தால் எதையும் தொடாதீர்கள். ‘இடைநிறுத்தம்’ என்றிருந்தால் ‘ரெஸ்யூம்’ மட்டும். ஷட்டவுன் வேண்டாம், ரீபூட் வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டாம். அதற்குள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிறோம்.

15:00
ஓடுகிறது. மீதம் 65 கி.மீ.

15:30
ஓடுகிறது. மீதம் 56 கி.மீ.

16:00
நின்றது. மீண்டும் ஓட்டினேன். ஓடுகிறது. மீதம் 47 கி.மீ.

16:30
ஓடுகிறது. மீதம் 37 கி.மீ.

17:00
நின்றது. மீண்டும் ஓட்டினேன். நின்றது. மீண்டும் ஓட்டினேன். ஓடுகிறது. மீதம் 29 கி.மீ.

17:30
நின்றது. மீண்டும் ஓட்டினேன். நின்றது. மீண்டும் ஓட்டினேன். நின்றது. மீண்டும் ஓட்டினேன். நின்றது. மீண்டும்