வாசல் தாண்டும் வரைக்கும்

தஞ்சாவூர்,
நர்ஸ் ஹாஸ்டல்,
ஐப்பசி மாசம், அடைமழை.

குந்தவைக்கு,

மலர்கொடி எழுதுறேன். பேரைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதடி. என் நம்பரை பிளாக் பண்ணிட்ட. வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டா, குரலைக் கேட்டதுமே கட் பண்ணிட்ட. வேற வழி தெரியாம பேனாவை எடுத்திருக்கேன். நம்மகூடப் படிச்ச ஆஷிகா உங்க மஸ்கட்டுக்குத்தான் வேலைக்கு வர்றா, அவ கையில கொடுத்தனுப்புறேன். நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் எழுந்து போகக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். உன் கோபத்தை அவமேல காட்டாத, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

நலமான்னு கேக்க எனக்கு வாய் வரல. அம்மாவைப் பறிகொடுத்துட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட பிளேன் ஏறினவகிட்ட அதை எப்படிக் கேக்கிறது? கடைசியா நீ அனுப்பின மெசேஜ்ல, நான் வர்றதுக்குள்ள அம்மாவை அனுப்பிட்டல்ல, நீ நல்லா இருடின்னு போட்டிருந்த. அந்த 'நல்லா இரு'வுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. சோறு இறங்கல, தூக்கம் இல்ல, ரெண்டு கை விரலும் மடங்க மாட்டேங்குது.

படிச்சு முடிச்ச உடனே நீ வெளிநாடு போயிட்ட. இங்க புதுசா சேர்ற நர்ஸ் என்ன பாடு படுறான்னு உனக்குத் தெரிய வழியில்ல. ஊசி போடத் தெரியலன்னு திட்டு வாங்குறது, பெட்பேன் தூக்குறது, அதெல்லாம் விடு, அது எல்லாருக்கும் உள்ளதுதான். நம்ம பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கே, வெளியில செத்த பொணத்தை வீட்டு நிலைவாசலுக்குள்ள ஏத்த மாட்டாங்க, தெருப்பந்தல்லயே போட்டு எடுத்துடுவாங்க. அதனால டாக்டர் கைவிரிச்சுட்டார்னா, நம்ம சனம் ஆஸ்பத்திரியில சாக விடாது. மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிடணும். மூச்சு மிஷினைக் கழட்டிட்டு, தொண்டைக் குழாய்ல கையால காத்து அடிக்கிற அந்த ஆம்புப் பையை மாட்டி, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தி ஆம்புலன்ஸ்ல உக்காந்து அமுக்கிக்கிட்டே போகணும். வீட்டுக்குள்ள படுக்க வெச்சு, எல்லாரும் பார்த்து, உதட்டுல பால் நனைச்ச பிறகு அவளே கையை எடுக்கணும்.

அந்த ஒருத்தி யாரு? மேகலா அக்கா மாதிரி சீனியருக்கெல்லாம் அன்னிக்குன்னு பார்த்துத் தலைவலி வந்துடும். புதுசா வந்தவதான் போகணும். மொதல் தடவை அய்யம்பேட்டை பக்கம் ஒரு பெரியவரைக் கொண்டு போனேன். கையை எடுத்துட்டு நான் அழுத அழுகையைப் பார்த்துட்டு, அவரு பெத்த பொண்ணுங்களே தங்களோட அழுகையை நிறுத்திட்டு எனக்கு சோடா வாங்கிக் கொடுத்தாங்க. ரெண்டாவது தடவை அழல. மூணாவது தடவை, போன தடவை வந்த பொண்ணையே அனுப்புங்க, கை மெத்துன்னு இருக்குன்னு எவரோ சொல்லி விட்டிருக்காங்க. மேட்ரன் மேடம் சிரிச்சுக்கிட்டே, உனக்குக் கைராசி இருக்குடின்னாங்க. ஊசி போடுறதுல கைராசி, பிரசவம் பாக்குறதுல கைராசி, கேள்விப்பட்டிருக்கோம். எனக்குன்னு வந்து வாய்ச்ச ராசியைப் பாரு.

அப்படி இருக்கப்பதான் உங்க அம்மாவை, தங்கமணி அம்மாவைக் கொண்டு வந்தாங்க. கொள்முதல் நிலையத்துல குறுவை நெல்லைக் கிளறி விட்டுக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுது. மூணாம் நாள் டாக்டர், இனிமே ஒண்ணும் இல்ல, நெஞ்சு நின்னாலும் அமுக்க வேண்டாம்னு சொல்லி உங்க சதீஷ் அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டார். அண்ணன் வார்டு வாசல்ல என்னைப் பார்த்து, யாரோ எவரோ கையில போறதுக்குத் தெரிஞ்ச புள்ள கையில போகட்டும்மான்னு கேட்டாங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? லீவுல ஊருக்குப் போகாம உங்க வீட்டுல கிடந்தவடி நான். முத்துப்பேட்டைக் கடக்கரைப் பொண்ணு மீன் வாசம் இல்லாம எப்படிச் சாப்பிடும்னு, கருவாடே நுழையாத உங்க வீட்டுக் கொல்லையில தனி அடுப்பு மூட்டி எனக்கு வறுத்துக் கொடுத்தவங்க அவங்க.

இப்ப நான் சொல்லப்போறது உனக்கும் தெரியாது, சதீஷ் அண்ணனுக்கும் தெரியாது. சுத்தி வளைக்கல, சொல்லிடுறேன். அம்மா உங்க வீட்டுக் கூடத்துல சாகல. நான் கையை எடுத்ததால சாகல. ஆம்புலன்ஸ்லயே போயிட்டாங்க.

கும்பகோணம் தாண்டி, சோழபுரமும் தாண்டிட்டோம். ரோட்டுல ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தாங்க, அதனால டிரைவர் ராசு அண்ணன் உருட்டிக்கிட்டுத்தான் போனார். சதீஷ் அண்ணன் பார்க்க மனசு தாங்காம முன்சீட்ல உக்காந்திருந்தாங்க. பின்னாடி நானும் அம்மாவும் மட்டும்தான். ஒரு கையால அமுக்கிக்கிட்டு மறு கையால கழுத்துல நாடியைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். வெயில் சுள்ளுன்னு அடிச்ச மத்தியானம். நாடி மெலிஞ்சுது, விட்டு விட்டு அடிச்சுது, அப்புறம் இல்ல. தடவித் தடவிப் பார்த்தேன். கருவிழியைப் பார்த்தேன். இல்லவே இல்லடி.

கண்ணாடியைத் தட்டி அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்துட்டேன். திறந்த வாயை மூடிக்கிட்டேன். சொன்னா என்ன ஆகும்? நாப்பது வருஷம் கோலம் போட்ட வாசலைத் தாண்டவிடாம, எவளோ ஊர்பேர் தெரியாதவளைப் போடுற மாதிரி உங்க அம்மாவைத் தெருவுல போட்டிருப்பாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான், உள்ள கொண்டுபோய்ப் படுக்க வெச்சுட்டு, ரெண்டு நிமிஷத்துல போயிட்டாங்கன்னு சொல்லிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்னு நெனைச்சேன். அமுக்கிக்கிட்டே போனேன். அமுக்கிக்கிட்டே வாசல் தாண்டினோம். நெஞ்சு ஏறி இறங்குதுல்ல, எல்லாரும் உயிர் இருக்குன்னு நம்பினாங்க.

கூடத்துல படுக்க வெச்சு, எல்லாரும் பாலைத் தொட்டு வெச்சாச்சு. போயிட்டாங்கன்னு சொல்ல வந்தேன், உன் வீடியோ கால் வந்துடுச்சு. சதீஷ் அண்ணன் போனை அம்மா முகத்துக்கு நேரா பிடிச்சாங்க. நீ என்னென்ன சொன்ன. கேக்குதாம்மா, கேக்குதாம்மான்னு கத்தின. காலையில திருச்சியில இறங்கிடுவேன்னு சொன்ன. அப்புறம் என்னைப் பார்த்து, மலரு, நான் வர்ற வரைக்கும் விட்டுடாதடின்ன. நான் சரின்னு தலையை ஆட்டிட்டேன்டி. வேற என்ன செய்ய? அந்த முகத்தைப் பார்த்துட்டு எந்தப் பாவி இல்லன்னு சொல்லுவா?

அதுக்கப்புறம் என் கை என் பேச்சைக் கேக்கல. நிறுத்த முடியல. உங்க பஞ்சநதம் மாமா ஜோசியருக்குப் போன் போட்டுட்டு வந்து, விளக்கு வெக்கிற நேரத்துக்கு அவிட்டம் பொறக்குது, அதுக்குள்ள முடிச்சுடும்மான்னார். அவிட்டத்துல உயிர் போனா ஆறு மாசம் அடைப்பு, வீட்டைப் பூட்டிப்போட்டுட்டு வெளியேறணும், தை மாசம் சதீஷ் கல்யாணம் இருக்கேன்னு நயமா சொன்னார். நான் கேக்கல. அப்புறம் கத்தினார். கடைசியில, அவ்வளவு பெரிய மனுஷன், என் கால்ல விழுந்துட்டார். அப்பவும் அமுக்கிக்கிட்டே இருந்தேன். உங்க அம்சம் அத்தை பாதத்தைப் பிடிச்சுப் பார்த்துட்டு, என்னடி இப்படி ஜில்லுன்னு இருக்குன்னாங்க. இந்த மாதிரி நேரத்துல அப்படித்தான் இருக்கும்னு அடிச்சு விட்டேன். நாலு வருஷப் படிப்பு பொய் சொல்லத்தான் உதவுச்சு.

பூஜை அறையில விளக்கு ஏத்தினாங்க. அந்த நேரம் பார்த்து குழாயைச் சரி பண்ண அம்மா தாடையைத் தொட்டேன். விறைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. காலையில நீ வந்து தொட்டா, நீயும் நர்ஸ்தானே, ஒரு நொடியில தெரிஞ்சுடும்னு அப்பதான் புத்தியில உறைச்சுது. கையை எடுத்துட்டேன். போயிட்டாங்கன்னேன். முன்னாடியே எடுத்திருந்தா அடைப்பு இல்ல. எடுக்காமலே இருந்திருந்தாலும் உனக்கு ஆகப் போறது ஒண்ணும் இல்ல. ரெண்டுங்கெட்டான் நேரம் பார்த்து எடுத்தேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்கியா?

அடுத்த வாரம் உங்க மாமா ஆஸ்பத்திரிக்கே வந்தார். வரவேற்பு ஹால்ல அத்தனை பேர் முன்னாடி என் கையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கைதான் என் தங்கச்சி குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துச்சுன்னார். உங்க வீட்டைப் பூட்டிட்டாங்க. சதீஷ் அண்ணன் இந்த மழையில மோட்டார் கொட்டகையில படுத்துக் கிடக்காங்களாம். பொண்ணு வீட்டுக்காரங்க தை போகட்டும், பார்க்கலாம்னு இழுக்குறாங்களாம். இழுத்தா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும்.

நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னா அடைப்பு இல்லன்னு ஆயிடும். மத்தியானமே, அவிட்டத்துக்கு முன்னாடியே போயிட்டாங்களே! ஆனா அப்ப பொணத்தை நிலைவாசல் வழியா உள்ள கொண்டு வந்தேன்னு ஆகும். உங்க மாமாவுக்கு இதுல எது பெரிய தீட்டுன்னு நான் எந்த ஜோசியர்கிட்டப் போய்க் கேப்பேன்? அது கூடப் பரவாயில்லடி. நீ காரியத்துக்கு வந்த எல்லார்கிட்டயும், அம்மா என் குரலைக் கேட்டுட்டுத்தான் போனாங்கன்னு சொல்லிச் சொல்லி மனசைத் தேத்திக்கிட்டன்னு சதீஷ் அண்ணன் சொன்னாங்க. உண்மையைச் சொன்னா அதைப் பிடுங்கின மாதிரி ஆகுமே. அதுக்குப் பயந்துதான் இத்தனை நாள் வாயைத் தைச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப பிடுங்கிட்டேன். என்னை மன்னிச்சுடு. நீ பேசினது அம்மாவுக்குக் கேக்கல குந்தவை.

நேத்து இன்னொரு ஆம்புலன்ஸுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. பாத்ரூம்ல போய்த் தாழ் போட்டுக்கிட்டேன். எனக்குப் பதிலா, போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஜீவிதாவை அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தவ படிக்கட்டுல உக்காந்து வாந்தி எடுத்தா. அவளுக்குத் தண்ணி கொடுத்துட்டு நிக்கிறப்ப, இதுக்கு நானே போயிருக்கலாம்னு இருந்துச்சு. திங்கட்கிழமை வேலைக்கு வர்றதா இருந்தா முழுசா வா, இல்லன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போன்னு மேட்ரன் மேடம் சொல்லிட்டாங்க. எங்க அம்மா போன்ல, வந்துடுடி, நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கிட்டு இருந்தாலும் உயிரோட இருப்பன்னு அழுகுறாங்க. எங்க அப்பாவோ இப்பவும் படகுத்துறையில நர்சம்மா அப்பான்னு மார் தட்டிக்கிட்டு இருக்கார். எனக்கு எந்தப் பக்கமும் போகத் தெரியல.

உன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லணும், அதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நாடி மெலிஞ்சு வந்தப்ப, இன்னும் இருந்துச்சு, விட்டு விட்டு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அப்ப குனிஞ்சு அம்மா காதோரமா வாயை வெச்சேன். மயக்கத்துல இருக்கவங்களுக்குக் கடைசி வரைக்கும் காது கேக்கும்னு காலேஜ்ல சொன்னாங்களே, நிஜமோ பொய்யோ. என் பேரைச் சொல்ல மனசு வரல. அம்மா, நான் குந்தவை, வந்துட்டேம்மா, பக்கத்துலதான் இருக்கேன்னேன். நாடி நிக்கிற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். உன்னைக் கேக்காம உன் பேரை எடுத்துக்கிட்டேன்.

வீட்டைத் திறக்கச் சொல்றதும், பூட்டியே இருக்கட்டும்னு விடுறதும் உன் இஷ்டம். மாமாகிட்ட நீ எதைச் சொன்னாலும் நான் ஆமாம்னு நிப்பேன். வேலையை விடுறதா வேணாமான்னு கூட உன்கிட்ட கேக்கல. ஒரு தடவை போன் போடு. மன்னிக்க வேணாம், சமாதானம் சொல்ல வேணாம், வாய் வலிக்கத் திட்டு. ஆனா மலருன்னு கூப்பிட்டுத் திட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்க இனி குளிர் ஆரம்பிச்சுடும், தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட டியூட்டிக்குப் போகாத. உன்னைப் பார்த்துக்க இப்ப நீ மட்டும்தான் இருக்க.

போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு இருக்கிற,
மலர்கொடி