Z எழுத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

பெருமதிப்புக்குரிய தோழியார் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மறைந்து பதினான்கு மாதங்கள் கழிந்த பின்னரே இம்மடலை வரைகிறேன். தாமதத்திற்கு மன்னிப்புக் கோருகிறேன். வேலைப் பளுவைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அது பொய். உங்கள்மீது எனக்குக் கோபம் இருந்தது. உங்கள்மீதும் என்மீதும், நாங்கள் இருவரும் வேலை செய்த அந்த மேசையின் மீதும். அது இன்னும் தணியவில்லை என்பதையும் முன்கூட்டியே அறியத்தருகிறேன்.

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவு செய்தபோது ஒரு தாள் அகப்பட்டது. பட்டியலின் கடைசிப் பக்கம். மடிப்பை விரித்ததும் நீங்கள் தலையிடிக்குப் பூசுகிற தைலத்தின் மணம் எழுந்தது. ஓரத்தில் உங்கள் பெருவிரலின் எண்ணெய் அடையாளம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நாற்பத்தொரு பெயர்கள். அத்தனையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன. முதலாவது உங்களுடையது.

பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் நாங்கள் இருவரும் தற்காலிகத் தட்டச்சாளர்கள். அனுமதிப்பத்திரம் கோரி வந்த விண்ணப்பங்களைக் கணினியில் பதிவதே எங்கள் கடமை. முள்ளியவளைப் பக்கத்து விண்ணப்பங்களை நான் பதிந்தேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்து வந்தவற்றை நீங்கள் பதிந்தீர்கள். உங்களுடைய காணியும் அங்குதான் இருந்தது, உங்களுடைய விண்ணப்பமும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. என்னைவிட எட்டு மாதம் மூத்தவராயிருந்தும் என்னை ‘அக்கா’ என்றே அழைத்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “புரோகிராம் எழுதுற ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடேலுமே?” என்றீர்கள். அது மரியாதையா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அன்று மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள விரும்பினேன்.

ஆம், நான் செருக்குடையவள். எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதிக்காமல், அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தையும் கைப்பேசியில் இறக்கிய பாடங்களையும் கொண்டு ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றவள். எனது ஆங்கிலமே ஜாவாவின் ஊடாக வந்தது. ஆகவே, பெயர்களை அகர வரிசைப்படி அடுக்கித் தரும் ஒரு நிரலை நானே எழுதி அலுவலகத்திற்குக் கொடுத்தபோது, அந்த அறையில் என்னைவிட உயரமானவர் எவருமில்லை என்று எண்ணினேன்.

பட்டியல் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அலுவலகத்தின் கட்டளை. படிவத்தின் தலைப்பில் ‘பெரிய எழுத்துக்களில் நிரப்புக’ என்று ஓர் அறிவுறுத்தலும் இருந்தது. ஆனால் உங்கள் பகுதிக்குப் போன படிவங்கள் போட்டோக் கொப்பியின் கொப்பி. அந்தத் தலைப்பு வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பெற்றோருக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிரப்பினார்கள். தாங்கள் பழகிய சிறிய எழுத்துக்களில் நிரப்பினார்கள். நானாயின் ஒரே விசையை அழுத்தி எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கியிருப்பேன். நீங்கள் செய்யவில்லை. எழுதியிருந்தபடியே பதிந்தீர்கள்.

அதற்கான காரணத்தை ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி சொன்னீர்கள். மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்த உங்கள் தகப்பனாரின் பெயரை, பிறப்புப் பதிவில் ஓர் இலிகிதர் தனக்குச் சரியென்று பட்டபடி எழுதினார். அடையாள அட்டையில் வேறொருவர் அதைத் திருத்தினார். குடியுரிமைக் கடதாசியில் மூன்றாமவர் திருத்தினார். அதன்பிறகு அவர் எந்தக் கந்தோருக்குப் போனாலும் ‘இது நீதானா’ என்ற கேள்வியே எதிரே வந்தது. அலுவலகத்தில் எங்களைப் போலவே கதைக்கிற நீங்கள், தகப்பனாரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் உங்கள் வீட்டின் மலையகப் பேச்சுக்குப் போய்விடுவீர்கள்.

“எங்கப்பா ஒரே ஆளுதான். காயிதத்துலதான் மூணு பேரு. அதனால நான் யாரோட பேரிலயும் கை வைக்கமாட்டேன்.”

நான் தலையாட்டினேன். மனதுக்குள் இது பிடிவாதம் என்று எழுதிக்கொண்டேன்.

நிரலை நான் பத்துப் பெயர்களைக் கொண்டு பரிசோதித்தேன். பத்தும் எனது விண்ணப்பங்களில் எடுத்தவை. பத்தும் பெரிய எழுத்து. எல்லாம் அழகாக அடுக்குப்பட்டன. முழுப் பட்டியலையும் ஓட்டிவிட்டு உங்களை அழைத்துக் காட்டினேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே கீழே போனீர்கள். இறுதியில் நிறுத்தி, “எங்கட ஆக்கள் எல்லாம் Z-க்குப் பின்னால நிக்கினம், அக்கா” என்றீர்கள்.

அப்போது நான் ஆற்றிய விரிவுரையை எண்ணினால் காது சுடுகிறது. கணினி எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது என்றேன். பெரிய A அறுபத்தைந்து, பெரிய Z தொண்ணூறு, சிறிய a தொண்ணூற்றேழு. ஆகவே சிறிய எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரும் பெரிய Z-க்குப் பின்னரே வரும், அது விதி என்றேன்.

“ரெண்டும் A தானே?”

“எங்களுக்கு. மெஷினுக்கு அப்படியில்லை.”

“மெஷினுக்கு ஆர் சொன்னது?”

நான் சிரித்தேன். சொன்னவள் நான். ஒப்பிடும் விதம் இன்னதென்று நான் எதுவும் குறிப்பிடாததால், ஜாவா தனக்குத் தெரிந்த எண் வரிசையைக் கைக்கொண்டது. வேறு விதமும் உண்டா என்று தேடிப் பார்க்கும் அடக்கம் எனக்கு இருக்கவில்லை. எனக்குத் தெரியாததை இல்லாதது என்றே கொண்டேன்.

அந்தப் பட்டியலோடுதான் காணிக் கச்சேரி கூடியது. பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரி அமர்ந்திருக்க, ஒவ்வொருவராக அழைத்து விசாரித்து, அனுமதிப்பத்திரத்திற்குப் பரிந்துரைக்கும் நாள் அது. பெயர்களை வாசித்தவள் நான். உங்கள் ஆட்கள் உழவு இயந்திரப் பெட்டியில் வெயில் ஏறுமுன்பே வந்திறங்கியிருந்தார்கள். மாலை வரை பெரிய எழுத்துக்காரர்களே முடியவில்லை. அதிகாரி எழுந்தார். மிச்ச ஆட்கள் அடுத்த முறை என்றார். அடுத்த முறை புதிய விண்ணப்பங்கள் சேர்ந்தன. பட்டியல் மறுபடியும் எனது நிரலால் அடுக்கப்பட்டது. உங்கள் நாற்பத்தொரு பேரும் மறுபடியும் வாலில். மூன்றாவது முறையும் அதுவே.

அந்த மூன்றாம் கச்சேரியில் உங்கள் பகுதியில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் மேசையடிக்கு வந்து, நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள் என்று மெல்லக் கேட்டார். அதிகாரி என்னைக் காட்டினார். “கொம்பியூட்டர் போட்ட வரிசை, ஐயா. நாங்கள் கை வைக்கேலாது.” நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனது காணிக்கு எனது தகப்பனார் காலத்திலேயே பத்திரம் உண்டு. குடியேற்றத் திட்டத்தில் வாய்க்கால் தண்ணீரோடு கிடைத்தது. நான் அழைக்கப்படக் காத்திருக்கத் தேவையற்றவள். அந்த மௌனத்தை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டாம்.

ஏனெனில் அந்தக் கடதாசி உங்களுக்கு வெறும் கடதாசி அல்ல. கணவரை இழந்து, ஒரு மகளோடு, யானை வந்து போகிற காட்டோரத்தில் முக்கால் ஏக்கரை வைத்துக் காத்தீர்கள். இரண்டாம் கச்சேரிக்கும் மூன்றாம் கச்சேரிக்கும் இடையில் உங்கள் வேலிக்கு உள்ளே யாரோ எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். பத்திரம் இல்லாதவை எல்லாம் காடாகக் கொள்ளப்படும் என்று கதை அடிபட்டது. நீங்கள் கச்சான் கடலை நட்ட நிலம் காடாம்! அதைக் கேட்டும் நீங்கள் சத்தம் போடவில்லை. தைலத்தை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு அடுத்த விண்ணப்பத்தைப் பதிந்தீர்கள். உங்கள்மீதான எனது கோபத்தின் முதற்பகுதி அதுவே.

இரண்டாம் பகுதி, மூன்றாம் கச்சேரிக்குப் பின் நீங்கள் எனது வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினால் சரிவருமா என்று கேட்டீர்கள். ஒரு நொடி வேலை, நாளைக்கே மாற்றலாம் என்றேன். நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள்.

“வேண்டாம், அக்கா. பிள்ளையள் எழுதினது அப்பிடியே இருக்கட்டும். அவை வந்து மாத்தச் சொல்லேல்லை. நீங்கள் பாக்கிற விதத்தை மாத்துங்கோ.”

“நான் பாக்கிற விதத்தில என்ன பிழை?”

“பிழை எண்டு சொல்லேல்லை. மாத்தேலுமோ எண்டுதான் கேட்டனான்.”

முடியாது என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. பெயரில் கை வைக்காமல் வரிசை மாறாது, உங்கள் பிடிவாதத்தால் நாற்பது குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கப்போகின்றன என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். நீங்கள் தேத்தண்ணியை ஆறவிட்டு எழுந்து போனீர்கள். அதன்பின் இரண்டு கிழமைகள் நாங்கள் ஒரே மேசையில் பேசாமல் வேலை செய்தோம். பதினைந்தாம் நாள் நீங்கள் வரவில்லை. அந்தத் தலையிடி தலையிடி மட்டும் அல்ல என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்களாம். நான் போய்ச் சேர முன்னர் எல்லாம் முடிந்திருந்தது.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்து, சாப்பிடாமல் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் ஜாவாவின் கையேட்டைத் திறந்தேன். கோபத்தில் திறந்தேன், உங்கள் கேள்வி பிழை என்று நிறுவுவதற்கே திறந்தேன். பஸ் ஊருக்கு வந்து சேர முன்னரே விடை அகப்பட்டது. ஒரே ஒரு வரி:

names.sort(String.CASE_INSENSITIVE_ORDER);

இது எந்தப் பெயரையும் திருத்துவதில்லை. பிள்ளைகள் எழுதிய சிறிய எழுத்துச் சிறிய எழுத்தாகவே இருக்கும். ஒப்பிடும்போது மாத்திரம் பெரிய A-யையும் சிறிய a-யையும் ஒன்றாகக் கொள்ளும். நீங்கள் கேட்டது இதையேதான். ஜாவா தெரியாத நீங்கள் கேட்டது, ஜாவாவிலேயே ஏற்கெனவே இருந்தது. நான் மூன்று கச்சேரிகள் அதை இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘உங்கள் பிடிவாதம்’ என்ற எனது சொல்லை அந்த பஸ்ஸில் திருப்பி விழுங்கினேன்.

நான்காம் கச்சேரிக்குப் பட்டியல் ஒழுங்காக வந்தது. உங்கள் பெயர் முதலாம் பக்கத்தில், நான்காவதாக. முதல் கச்சேரியிலேயே, காலை பத்து மணிக்கு முன்னர் நீங்கள் அழைக்கப்பட்டிருப்பீர்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் பெயரை வாசித்தேன். மண்டபத்தில் எவரும் எழவில்லை. பின்னால் உங்கள் மகள் மட்டும் எழுந்து நின்றாள்.

“ஆள் வரேல்லை எண்டு போடுங்கோ” என்றார் அதிகாரி.

“ஆள் வந்தவா, சேர். மூண்டு தரம் வந்தவா” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நான் எழுந்து நின்றேன். வரிசையைப் போட்டது கொம்பியூட்டர் அல்ல, நான் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். நிரலின் பிழை எது, அதனால் எந்த நாற்பத்தொரு விண்ணப்பங்கள் மூன்று முறை தள்ளப்பட்டன என்பதை எழுதிக் கையொப்பமிட்டு அலுவலகக் கோவையில் சேர்க்குமாறு நீட்டினேன். இப்படியெல்லாம் எழுதித் தந்தால் உங்கட வேலைதான் போகும், தங்கச்சி என்றார் அவர் தணிந்த குரலில். போனால் போகட்டும் என்றேன். வேலை போனது. கடிதம் கோவையில் இருக்கிறது. அன்று மாலைக்குள் நாற்பது பேரும் அழைக்கப்பட்டார்கள்.

எஞ்சிய ஒருவர் நீங்கள். இறந்தவரின் விண்ணப்பம் செல்லாதாம். மகள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். நேற்று அவள் படிவத்தோடு எனது வீட்டுக்கு வந்தாள். தலைப்பு வரி வெட்டுப்படாத நல்ல படிவம். பெரிய எழுத்தில் நிரப்புக என்று தெளிவாகவே இருக்கிறது. அவள் அதைப் படித்தாள். படித்துவிட்டுத் தனது பெயரைச் சிறிய எழுத்திலேயே எழுதினாள். நான் திருத்தச் சொல்லவில்லை. அலுவலகத்தில் இப்போது ஓடுவதும் நான் திருத்திய நிரல்தான். அவள் எப்படி எழுதினாலும் தனக்குரிய இடத்திலேயே நிற்பாள்.

ஆனால் படிவத்தின் ஏழாவது கூடு வெறுமையாக இருக்கிறது. ‘காணியில் முதன்முதலாகக் குடியேறிய ஆண்டு.’ புதிதாகச் சேர்த்த கேள்வி, உங்கள் பழைய படிவத்தில் இல்லை. மகள் பிறக்க முன்னரே நடந்த காரியம். “அம்மாவுக்குத்தான் தெரியும், அன்ரி” என்றாள். அலுவலகத்தில் விசாரித்தபோது, ஏதாவதொரு வருடத்தைப் போடுங்கோ, ஆர் பாக்கப்போகினம் என்றார்கள். முன்னைய நானாயின் போட்டிருப்பேன். இப்போது கை வரவில்லை. நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் பெயரால் எழுத எனக்கு உரிமையில்லை. உங்களிடமிருந்து நான் எடுத்துவந்தது இது ஒன்றுதான், இதுவே போதிய பாரமாயிருக்கிறது.

படிவத்தை வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். ஆண்டு எதுவென்று விரைவில் பதில் தாருங்கள்.