நீ வெட்டிய கையால்

என் ஆசை அண்ணனுக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. நீ வெட்டினாயே, அதே வலது கை. ஒரு வரி எழுத வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் ஆகிறது. ஆகட்டுமே, எனக்கென்ன அவசரம்?

ராஜபாளையத்தில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். டீச்சர் அறிவியல் புத்தகத்தை நீட்டி, "தாத்தா, இத வாசிங்க" என்றார். எழுத்துக் கூட்டினேன். தசைநாண். சதையை எலும்போடு கட்டும் கயிறாம். அதன் நார்கள் எலும்புக்குள்ளேயே இறங்கிப் பிடித்திருக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கறிக்கடையில் பார்க்காததா? தொடைக்கறி கத்தி பட்டதும் வழுக்கிக்கொண்டு வரும். அந்த வெள்ளை நுனி மட்டும் எலும்பை விடாது. அதைச் சுரண்டும்போது நீ திட்டாத திட்டா?

என் கையிலும் அதைப் பார்த்தோமே.

அப்பா போனபின் கடையைப் பிரித்த அன்று. கத்தி, தராசு எல்லாம் பங்கு போட்டாயிற்று. அப்பா கறி வெட்டிய புளியங்கட்டை மட்டும் மிச்சம். அது எனக்குத்தான் என்று நான் அதன்மேல் கையை விரித்து வைத்தேன்.

"கைய எடுலே."

"எடுக்க மாட்டேன். ஆம்பளன்னா வெட்டு."

வெட்டினாய். மணிக்கட்டின் மேல்புறம் வாய் பிளந்தது. என் ரத்தம் ஆட்டு ரத்தத்தோடு கலந்து ஓடியது. அறுந்த வெள்ளை நுனிகள் பொந்துக்குள் நுழையும் பாம்புபோல முழங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டன.

"ஏலே, வெரலத் தூக்குலே. தூக்குலே." கத்தியை எறிந்துவிட்டு அலறினாய். தூக்கிப் பார்த்தேன். முன்கைச் சதை திரண்டு துடித்தது. விரல்கள் அறுத்த கோழியின் கழுத்தாகத் தொங்கின.

பக்கத்து பேண்டேஜ் கம்பெனித் துணியை அள்ளிச் சுற்றி, என்னைத் தோளில் போட்டு ஓடியதும் நீதான். டாக்டர் கையை இன்னும் கிழித்து, உள்ளே ஒளிந்த நுனிகளை இடுக்கியால் இழுத்துத் தைத்தார். மெல்ல மெல்ல விரல்கள் எழுந்தன.

நீதான் பார்க்கவே இல்லை. கட்டையை எனக்கே விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்க் கடை போட்டாய். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தாலும், நான் சோற்றில் கை வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

"பாருண்ணே, நல்லாத்தான் இருக்கு."

"சோத்தத் தின்னுலே."

நீ சாகும்வரை அப்படியே. எதற்கு அத்தனை பயம், அண்ணே?

உனக்குக் கடுதாசி எழுதுவதை மதினியிடம் சொன்னேன். "வந்து வாசிங்க கொழுந்தனாரே, அவியளும் கேக்கட்டும்" என்றார்.

புளியங்கட்டைமேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உன் வெட்டுத் தடத்தில் பேனா அடிக்கடி இடறுகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவேன். உன் படத்துக்கு முன்னால் நின்று, இந்தக் கையால் பிடித்தபடி நானே வாசிப்பேன். படத்தில் நேராகத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? இனி முகத்தை எங்கே திருப்புவாய்?

கட்டையிலிருந்து கையை எடுக்காத உன் தம்பி,
மாடசாமி