எத்தனை மஞ்சக்கண்ணன்?

கெட்டில் துறை,
மே 18, 2008

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம் என்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி லீனா. அதனால் எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகும் சீசன் நன்றாகத் தொடங்கியிருக்கிறது. நேற்று போர்ட்லாந்திலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர், தான் பிடித்த மீனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். அது அவர் உதட்டைக் கடித்துவிட்டது. படகே சிரித்தது.

உன் மீன்வள ஆபீஸ் பெண் தினமும் துறையில் நிற்கிறாள். கரைக்கு வரும் ஒவ்வொரு படகுக்காரரையும் கேட்கிறாள்: "எத்தனை மஞ்சக்கண்ணன் மாட்டுச்சு? திருப்பி விட்டது எத்தனை?" பக்கத்துப் படகு கோர்டி ப்ரூயிட்டும் நானும் ஒரே பாறைமேல்தான் தூண்டில் போடுகிறோம். அவன், "ஒண்ணுகூட இல்லம்மா. அது எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு" என்கிறான். நான் "நாலு" என்றேன். "அக்காகிட்ட நல்ல பேர் வாங்கணுமாம் தம்பிக்கு!" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

ஈஸ்டருக்கு வந்தபோது நீ கேட்டுக்கொண்டாய். அதற்காகத்தான் உண்மையைச் சொல்கிறேன். எப்போதாவது மறுபடியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்.

உன் தம்பி,
வெண்டெல்

மாநில மீன்வள அலுவலகம், சேலம்,
ஜூன் 2, 2008

அன்புத் தம்பி வெண்டெல்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் துறையிலிருந்து நான் நம்பக்கூடிய பதில் உன்னுடையது மட்டும்தான். அப்பா பிறப்பதற்கு முன்பே பிறந்த மஞ்சக்கண்ணன்கள் அந்தப் பாறையில் இருக்கின்றன; அழிந்துவிடக் கூடாதென்றுதான் பிடிக்கத் தடை. ஆழத்திலிருந்து இழுத்தால் வயிறு வாய்வழியே பிதுங்கிவிடுகிறது. சும்மா தூக்கிப் போட்டால் மிதந்தே சாகும். நீ எடை கட்டி ஆழத்தில் இறக்கிவிடுவதை அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். பெருமையாக இருந்தது.

கோர்டியை விடு. உண்மை சொன்னவனுக்கு இதனால் கெடுதல் வராது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

லீனாவுக்கு என் அன்பு.

அக்கா,
ரூத்

கெட்டில் துறை,
ஜூலை 20, 2008

அக்காவுக்கு,

புதன்கிழமை காலை, படகில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ரேடியோவில் கேட்டேன். மஞ்சக்கண்ணன் மாட்டுவதற்கு வருஷத்துக்கென்று நீங்கள் வைத்த வரம்பு தாண்டிவிட்டதாம். சனிக்கிழமையிலிருந்து பாறைமீன் சீசனையே மூடுகிறார்களாம். கோடையின் பாதி போய்விட்டது.

காபிக் கடைக்குப் போனேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கோர்டிதான் பேசினான்.

"ஏன்டா, நாங்க எல்லாம் பூஜ்யம்னு சொன்னோம். நீ சொன்னத வச்சு மொத்தத் துறைக்கும் பெருக்கிப்புட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"நான் மாட்டினதத்தான் சொன்னேன்."

"நாங்க மட்டும் மாட்டாமயா இருந்தோம்? எங்க வாயில என்ன கொழுக்கட்டையா? எதுக்கு மூடிட்டு இருந்தோம்னு நெனச்ச?"

தூண்டில் இரை விற்கும் ஹோலிஸ், இரை தீர்ந்துவிட்டதென்று என்னிடம் சொன்னான். பின்னால் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. லீனாவைச் சந்தையில் பார்த்த தோழிகள் அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாயே. எங்கே பார்த்தாய்?

வெண்டெல்

சேலம்,
ஜூலை 29, 2008

அன்புத் தம்பி,

கோர்டி சொன்னது சரிதான். நம்பக்கூடிய ஒரே எண் உன்னுடையது. அதை வைத்துத்தான் மற்றப் படகுகளுக்கும் கணக்கிட்டோம். உன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஊர் சின்னது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முடிவை முன்கூட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, தம்பி என்றாலும். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மஞ்சக்கண்ணன் மாட்டுகிறது என்று தெரிந்தும் ஏன் அதே பாறைக்குத் தினமும் போனாய்? கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாமே?

நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு நான்தான் வான்கோழி கொண்டுவருவேன்.

ரூத்

கெட்டில் துறை,
நவம்பர் 9, 2008

அக்கா,

வான்கோழி வேண்டாம். நீயும் வர வேண்டாம். லீனாவுக்கு வருத்தம் இல்லை. எனக்குத்தான்.

தள்ளிப் போக எரிபொருள் வேண்டும். கூட்டிவந்தவர்களுக்கு மீன் காட்ட வேண்டும். அதெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அப்பாவின் படகில் என்னைவிட நீதான் நன்றாகச் சுக்கான் பிடித்தாய்.

என்னிடம் ஒன்பது வருஷம் வேலை செய்த டார்னெல் இப்போது கோர்டியின் படகில் இருக்கிறான். "உன் மேல மரியாதை இருக்கு கேப்டன். ஆனா உன்கூட நின்னா என்கூடவும் யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றான். அவன் மேல் தப்பில்லை.

வெண்டெல்

கெட்டில் துறை,
ஜூன் 28, 2009

அக்கா,

உன் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். மஞ்சக்கண்ணன் மாட்டுவது குறைந்துவிட்டது, நம் திட்டம் பலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். வாழ்த்துகள்.

போன வாரம் என் படகில் ஏழு மாட்டின. எடை கட்டி இறக்க நேரமெடுக்கும், பக்கத்துப் படகுகள் பார்க்கும். அப்படியே தூக்கிப் போட்டேன். கண் வெளியே தள்ளி, ஆரஞ்சு நிறத்தில், படகுக்குப் பின்னால் வரிசையாக மிதந்தன. கடற்புறாக்கள் இறங்கின. கரைக்கு வந்ததும் அந்தப் பெண் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை கோர்டி எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான். ஹோலிஸிடம் இரை கிடைக்கிறது. லீனா சந்தைக்குப் போகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது. உன்னிடம் மட்டும் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதினேன்.

வெண்டெல்

சேலம்,
ஜூலை 7, 2009

அன்புத் தம்பி வெண்டெல்,

உன் கடிதம் வந்த இரவிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் சந்தோஷமாகப் படித்துக் காட்டிய பூஜ்யங்கள் எல்லாம் பிணங்கள் என்று தெரிந்த பிறகு, என் ஆபீஸ் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மீன்வளக் கூட்டத்தில் எழுந்து, கெட்டில் துறைக் கணக்கு பொய் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். என் தம்பி சொன்னான் என்றேன். வேறு என்ன சொல்வேன், வெண்டெல்?

பன்னிரண்டாம் தேதி சீசன் மூடுகிறது. அடுத்த வருஷம் ஒவ்வொரு படகிலும் கணக்கெடுக்க எங்கள் ஆள் ஒருவர் ஏறுவார். நான் அங்கே வரட்டுமா? நீ ஒரு வார்த்தை சொன்னால் உடனே கிளம்புகிறேன்.

உன் அக்கா,
ரூத்

கெட்டில் துறை,
ஆகஸ்ட் 3, 2009

ரூத் டால்பெர்க் அவர்களுக்கு,

வணக்கம். என் படகை ஜூலை 30 அன்று திரு. கோர்டி ப்ரூயிட்டிடம் விற்றுவிட்டேன். இனி அந்தப் படகு குறித்த கேள்விகளைத் தங்கள் அலுவலகம் அவரிடம் கேட்டுக்கொள்ளவும். நானும் மனைவியும் இம்மாத இறுதியில் ஊரைவிட்டுப் போகிறோம். புதிய முகவரியை யாருக்கும் தருவதாக இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
வெ. டால்பெர்க்