வலப்பக்கத்துக் கைப்பிடி

பூந்தமல்லி,
19.8.1991

1. இதை எழுதுபவன், பூந்தமல்லி கோர்ட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வழக்காடி வருபவனும் உன் தகப்பனுமாகிய பரந்தாமன்.
2. நானும் உன் தாயார் லோகநாயகியும் சுகம். மஸ்கட்டில் நீ சுகமாயிருப்பதை, பின்தெரு சாதுல்லாவுக்கு நீ எழுதிய கடிதத்தால் அறிந்தோம்.

அன்புள்ள குணசேகரனுக்கு ஆசிகள். சாதுல்லாவுக்கு நான்கு பக்கம், எனக்கு மாதம் பதினோரு வரி. உன் தாத்தாவின் ரிவால்வர் எனக்குப் பின் உன் பெயருக்கு வர வேண்டும், அதில் எவையெவை ஆதியில் வந்த பாகங்கள் என்று பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்டிருக்கிறாய். லைசென்ஸ் என் பெயரில், பீரோ என்னுடையது, கேள்வி மட்டும் அவருக்கு. அவர் ஆவடி ராணுவக் கிடங்கில் துப்பாக்கி சோதித்து ஓய்வு பெற்றவர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் எனக்குப் பொறாமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நேற்று ஞாயிறு காலை பூதக்கண்ணாடியோடு வந்தார். ரிவால்வரின் தோட்டா அறைகள் ஆறும் காலியாக உள்ளனவா என்று இருமுறை பார்த்த பிறகே கொடுத்தேன். "இன்னா வக்கீல் சார், தொடறதுக்கே வக்காலத்து போடணுமா?" என்றார். உன் தாயார் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. பிரேமிலும் குழலின் அடியிலும் சிலிண்டரிலும் ஒரே எண் இருந்தது. முத்திரைகளை நகத்தால் தடவி, "பாலீஷ் ஏறாத உடம்பு சார், எயுத்து இன்னும் நகத்துல மாட்டுது" என்றார். குழல் நுனியில் நீலப்பூச்சு தேய்ந்திருப்பது தோலுறை உரசியதால், அதுவும் இயல்பே என்றார். எல்லாம் குறித்துக்கொண்டேன். பிறகு கைப்பிடி மரங்களைக் கழற்றினார். இடப்பக்கத்து மரத்தின் உட்புறம் எண்ணின் கடைசி மூன்று இலக்கம், 417, பென்சிலில் இருந்தது. வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. "இது பொறந்த ஊட்டுக் கட்டை இல்ல, வாக்கப்பட்டு வந்தது" என்றார். இத்தனை ஆண்டு துடைத்து வைத்தவன் நான், எனக்குத் தெரியாமல் மாற்றியது யார் என்று குறுக்கு விசாரணை செய்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "நான்தான் சார். பன்னெண்டு வயசுல குணா இத கீய போட்டு ஒடச்சிட்டான். அப்பா கொன்னுடுவாருன்னு அயுதுகினே ஓடியாந்தான்" என்றார். நான் கோர்ட்டிலிருந்து திரும்புவதற்குள் நூக்கமரத்தில் செதுக்கிப் பொருத்திவிட்டாராம். உன் தாயார் பால் பொங்குகிறதென்று உள்ளே போனாள், அடுப்பில் பால் இல்லை. ஆக, பதினேழு ஆண்டுகளாக அறியாதவன் நான் ஒருவனே.

ஏன் என்னிடம் வரவில்லை என்று இரவெல்லாம் உன்னோடு மனத்துக்குள் வாதாடினேன். அன்று பீரோச் சாவியைப் பூட்டிலேயே விட்டுப் போனவன் நான் என்பது பிறகுதான் உறைத்தது. நீ வந்திருந்தால் முதலில் அடித்திருப்பேன், சாவியைப் பற்றிப் பிறகு யோசித்திருப்பேன். நீ சரியான கோர்ட்டுக்கே போயிருக்கிறாய். தீர்ப்பை ஏற்கிறேன், பொறாமையை வாபஸ் வாங்கவில்லை.

எறிய மனம் வராமல் வைத்திருந்த பழைய பிடியின் இரு துண்டுகளையும் சாதுல்லா துணிப்பையிலிருந்து எடுத்துத் தந்தார், உட்புறம் அதே 417. ஒட்டிப் பொருத்தித் தருவதாகச் சொன்னார், வேண்டாமென்றேன். உனக்கு எழுதிவைக்கும் பட்டியலில் 'வலப்பிடி சாதுல்லா செய்தது' என்றே இருக்கும். உடைந்த துண்டுகள் மட்டும் என்னுடையவை. நீ அன்று அழுத அழுகையில் என் பங்குக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. இனி எது உடைந்தாலும் முதலில் எனக்கு எழுது. எனக்கு இப்போது கோபம் குறைவு. நீ குறைவின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் தகப்பன்
(ஒப்பம்) பரந்தாமன்

சாட்சிகள்:
1. லோகநாயகி
2. சாதுல்லா (நான்கு பக்கமல்ல, மூன்றே முக்கால் என்ற ஆட்சேபணையுடன்)