ஆடியில் வந்த மெஷின்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
28.7.93

அன்புள்ள கமலாவுக்கு,

இங்கே அம்மா, அத்தா, நூர்னிசா அக்கா, அக்கா பெற்ற ஏழு நாள் பிள்ளை எல்லோரும் சுகம். மெஷின் ஒன்றுக்குத்தான் சுகமில்லை. அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? பிலாயில் மழை தொடங்கிவிட்டதா?

உன் கடிதம் கிடைத்தது. சி, யூனிக்ஸ் எல்லாம் மறந்துவிட்டதாகவும் இப்போது சப்பாத்தி வட்டமாக வருவதாகவும் எழுதியிருக்கிறாய். ஏட்டி, மில் ஆபீஸில் ஒன்றரை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கல்யாணமாகி நாலு மாதத்தில் மறந்துபோகுமா? சப்பாத்தி வட்டமாக வருவது எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக இரண்டு பக்கமா எழுதுவாய்?

ஆடிப்பூரத்தன்று வளையல் வாங்கச் சன்னதித் தெருவுக்குப் போனபோது உன் அம்மாவைப் பார்த்தேன். பத்மாசனி மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்னா இருக்கேன், நன்னா இருக்கேன்னு மட்டும்தான் எழுதறா. வேற ஒண்ணுமே எழுதறதில்லையேடி" என்றார்கள். சப்பாத்தி பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறாள் மாமி என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன்.

மில் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது. வந்த நாள் ஜூலை இருபத்தொன்று, நல்ல ஆடி மாதம். நம் மேனேஜர் சுந்தரபாண்டியன் சாரை உனக்குத் தெரியுமே. ஆவணி பிறக்கிறவரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று முதலில் ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். பழைய மெஷினை எடுத்துப்போக ஆள் வந்து வாசலில் நிற்கவே வேறு வழியில்லாமல் பிரித்தார்களாம். அன்றைக்கு அக்காவுக்குப் பிரசவம், நான் லீவு. மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர்தான் நம் ஃபைல்களை எல்லாம் ஏற்றி, கம்பைல் செய்து, ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் மெஷின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். அதிலிருந்து வந்த முதல் தாளைச் சார் பிரேம் போட்டு என் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார். அதிலே தேதி என்ன தெரியுமா? ஆகஸ்ட் 27. ஆவணி பதினொன்று, வெள்ளிக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். இதென்ன சார் என்றேன். "ஆடியில தொடங்குனோம்னு மெஷின்ல இருக்கப்படாதும்மா, அது ஆயுசுக்கும் இழுக்கும்" என்கிறார். ஆண்டாளே ஆடியில் பிறந்த ஊரிலிருந்து வருகிறேன், என்னிடம் போய்ச் சொல்கிறார். நான் அங்கே சிரிக்க முடியாமல் பஸ்ஸில் வந்து சிரித்தேன். நீயும் சிரித்துக்கொள்.

இனி என் கவலை. ஸ்பின்னிங்கில் முந்நூற்றுச் சொச்சம் ஆட்களுக்கும் ஷிஃப்ட் முறை போட்டுத் தருகிற புரோகிராம் ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார். டைம் ஆபீஸ் ஐயாதுரை அண்ணன் கையால் போடுகிற பட்டியலில் வேண்டியவர்களுக்குப் பகல், வாயில்லாதவர்களுக்கு மூன்றாம் ஷிஃப்ட் என்று ஏகப்பட்ட புகார். கருத்தையா என்று ஒருவர் ஐந்து வாரமாக ராத்திரி வேலையே பார்க்கிறார். ஆகஸ்ட் பதினான்குக்குள் பட்டியல் கேட்டில் ஒட்டப்பட வேண்டும். இல்லையென்றால் பதினாறாம் தேதி ஒரு கம்பெனியார் வந்து அவர்களுடைய புரோகிராமைப் போட்டுவிடுவார்கள், நான் திரும்ப டைப்பிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டியதுதான்.

அதற்கு, ஆட்கள் விவரத்துக்காக நீ எழுதின 'ஆள்' ஃபைலில், ஷிஃப்டை மாற்றி மாற்றிப் போட 'முறை' என்று ஒரு ஃபங்ஷன் சேர்த்தேன். புதுப் பட்டியல் ஃபைலிலிருந்து அதைக் கூப்பிட்டேன். எல்லா ஃபைலையும் ஒன்றாகச் சேர்க்க 'மேக்' அடித்தால், முறை என்று ஒன்று எனக்குத் தெரியவே தெரியாது என்கிறது மெஷின். ஸ்கிரீனில் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது கமலா. எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. தோன்றாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
உன் குட்டுகளை இன்னும் மறக்காத
ஹாஜரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
4.8.93

அன்புள்ள கமலா,

போன கடிதம் உன் கைக்கு வந்ததா, பதில் வழியில் இருக்கிறதா தெரியவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் இதையும் போடுகிறேன். பிள்ளைக்குப் பெயர் வைத்தாயிற்று, அகமது கபீர். கபீர் என்றால் பெரியவன், பெயருக்கேற்றபடி பெரிய குரல். அவன் வீட்டில் கத்துகிறான், மெஷின் ஆபீஸில் கத்துகிறது, நடுவில் பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரம்தான் எனக்கு நிம்மதி.

ஒரு வாரமாக நான் செய்ததைக் கேள். முறை ஃபங்ஷனை அழித்துவிட்டு மூன்று தடவை புதிதாக அடித்தேன். பெயரைச் 'சுற்று' என்று மாற்றினேன். உடனே சுற்று என்று ஒன்று தெரியாது என்கிறது. மெஷினை அணைத்துப் போட்டேன். பிஸ்மி சொல்லி மேக் அடித்தேன். சார் அவர் பங்குக்கு ஊதுபத்தி கொளுத்தினார். ஒன்றும் நகரவில்லை.

நேற்று ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். ஆள் ஃபைலில் நட்ட நடுவில், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில், வெறுமனே என் பெயரை அடித்துவைத்தேன். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலே தேள் கொட்டியதுபோல் கத்துகிற மெஷின் அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுற்று தெரியாது என்ற பழைய பாட்டையே பாடுகிறது. எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. அந்த வரியைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா, "அப்படி என்னதாம்ட்டி செய்யுது அந்த மெஷினு" என்று கேட்டாள். நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிப்பார்த்தேன். நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு ஃபைலும் காய்கறி. கம்பைல் செய்வதுதான் சமையல், சமைத்தால் மெஷினுக்குப் புரிகிற ஒரு ஓ ஃபைல் கிடைக்கும், அது குழம்பு, கூட்டு. மேக் என்கிற கட்டளை எல்லாவற்றையும் சமைத்து ஒரே இலையில் பரிமாறுகிறவள். அம்மா செத்த நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீ வாங்கிப்போட்ட காய அவ தொடவே இல்லையோ என்னவோ" என்றாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நான் எழுந்துபோய்ப் படுத்துவிட்டேன்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இன்று சார் எல்லார் முன்னிலையிலும், "கமலவல்லி கல்யாண அவசரத்துல அரைகுறையா எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. பொம்பளப் பிள்ளைகள நம்பி இந்த வேலையக் குடுத்தா இம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனவள் சார் அவள் என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஆள் ஃபைலின் முதல் வரியில் எழுதியது கமலவல்லி என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடு, வருகிற கம்பெனிக்காரர்கள் பார்த்தால் மில்லுக்குக் கேவலம் என்றார். நான் அந்த வரியைத் தொடாமல் ஃபைலை மூடினேன்.

உன் எழுத்தில் தப்பிருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பத்து நாள்தான் இருக்கிறது. டைப்பிங் செக்‌ஷனில் எனக்கு மேஜைகூடத் துடைத்துவிட்டார்கள். என் வேலை போனால் போகட்டும், உன் பெயர் இப்படிப் போகக் கூடாது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஹாஜரா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
18.8.93

என் அருமைக் கமலாவுக்கு,

ஆயிரம் சலாம், அதில் ஐந்நூறு அம்மா சொன்னது. ஆனால் முதலில் உன்னைத் திட்ட வேண்டும். முன்பின் சொல்லாமல் யாராவது தந்தி அடிப்பார்களா?

பதினொன்றாம் தேதி காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவ்வளவுதான், தெரு கூடிவிட்டது. பிரித்துப் பார்க்கிறதற்கு முன்பே அம்மா, "யா அல்லா, யாருக்கு என்ன" என்று உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். தந்திக்காரரே படித்துச் சொன்னார்: பழைய ஓ ஃபைல் அனைத்தையும் அழி, பிரேமில் தேதி பார், கமலா. யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அம்மா மட்டும், "எல்லாத்தையும் அழிங்காளே, யாரு மேல கோவம் அவளுக்கு" என்று அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு பஸ்ஸில் சத்திரப்பட்டி விலக்கு வந்தபோதுதான் விளங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆபீஸில் போய் உட்கார்ந்து முதல் வேலையாக ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். நான் மாற்றி எழுதின ஆள் ஃபைலுக்கு ஆகஸ்ட் மூன்று. அதைச் சமைத்த ஓ ஃபைலுக்கு ஆகஸ்ட் 27. தாளில் மட்டும் தேதியை மாற்றி அடித்தார்கள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். விசாரித்தால், சார் அந்த இன்ஜினியரைப் பிடித்து மெஷினுடைய கடிகாரத்தையே ஆவணிக்குத் தள்ளிவைத்து, முகூர்த்தத்தில் எல்லாவற்றையும் கம்பைல் செய்யவைத்து, சாயங்காலம் ஐயாதுரை அண்ணன் வருகைப் பதிவு குழம்பும் என்று சொன்னதும் ஆடிக்கே திருப்பிவைத்திருக்கிறார். காயைவிடக் குழம்பு புதிதாக இருந்தால் மேக் அடுப்பையே பற்றவைக்க மாட்டாள் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். இன்னும் பிறக்காத நாளில் வைத்த குழம்பு எப்போதும் புதிதுதானே. நான் எழுதின எதையும் அவள் தொடவே இல்லை. அம்மா சொன்னது அப்படியே சரி. அதை அம்மாவிடம் சொன்னேன், இரண்டு நாளாகத் தெருவில் கம்ப்யூட்டர் பற்றி யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஓவில் முடிகிற ஃபைல்கள் மட்டும் போகும்படி, அழிக்கிற கட்டளையோடு நட்சத்திரம், புள்ளி, ஓ என்று ஒட்டி அடித்தேன். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் ஓ ஃபைலோடு சேர்ந்து நாம் எழுதினது பூராவும் போய்விடும். "அழிக்கியா, உள்ள இருக்கதெல்லாம் போயிராதா" என்று சார் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தட்டினேன். பிறகு மேக்.

ஓடியது, ஓடியது, நின்றது. எரர். சார் முகம் விழுந்துவிட்டது. என்ன என்று பார்த்தால், இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஹாஜரா என்று ஏதோ இருக்கிறது, எனக்கு அது புரியவில்லை என்கிறது. நான் ஆத்திரத்தில் அடித்துவைத்த என் பெயர். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நான் எழுதினதை அது படித்திருக்கிறது. என் பெயரைத் தப்பு என்று சொன்ன அந்த மெஷினை எனக்குக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த வரியை எடுத்தேன், மறுபடி தட்டினேன், பட்டியல் வந்துவிட்டது.

பதினான்காம் தேதி கேட்டில் ஒட்டினோம். கருத்தையா அண்ணன் விரலை வைத்துத் தேடி, தன் பெயருக்கு நேரே முதல் ஷிஃப்ட் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவையும் கேட்டுக்கொண்டார். அந்தக் கம்பெனியாருக்கு வர வேண்டாம் என்று சார் போன் செய்துவிட்டார். நான் என் நாற்காலியில்தான் இருக்கிறேன்.

உன் நீளக் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. எதுவுமே செய்யாமல் ஆவணி பதினொன்று தாண்டும்வரை சும்மா இருந்திருந்தால், அதற்குப் பிறகு நான் திருத்துகிற எதையும் மேக் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கும், இதைச் சாரிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று எழுதியிருந்தாய். சொல்வேனா? சொன்னால் மில்லில் இனி ஆடியில் ஒரு பல்பைக்கூட மாற்ற விடமாட்டார். இப்போதே, "ஆடி கழியப்போற நேரத்துல சரியாயிட்டு பார்த்தியா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த பிரேமை மட்டும் ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

தந்தி அடிக்க நீயே தனியாகப் போனதாகவும், இந்த நாலு மாதத்தில் வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பியது அதுதான் முதல் தடவை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே மழைக்குப் போய்விட்டாய். நான் மழையைப் படிக்கவில்லை கமலா. அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் சப்பாத்தி கருகிப்போனது தெரியாமல் என் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றாயாமே. கருகட்டும்.

தந்தி யார் அடித்தது என்று சார் கேட்டார். கமலவல்லி என்றேன். பிறகு, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாது. அந்தப் பிள்ளை அங்க என்ன வேலை பார்க்குது" என்று கேட்டார். எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். நூல் சரக்குக் கணக்குக்கு அடுத்த புரோகிராம் வேண்டுமாம், அங்கிருந்தே தாளில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னார். என்ன வேண்டும் என்று எழுதின நாலு தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுது, நான் அடிக்கிறேன். எரர் வந்தால் தபாலில் சண்டை போட்டுக்கொள்ளலாம். உன் வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே கொடு. உப்பிலி அண்ணா, நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அவள் நன்றாகப் புரோகிராம் எழுதுவாள், எழுத விடுங்கள். தபாலாபீஸுக்கு அவளே போய்வருவாள்.

பத்மாசனி மாமி நேற்று வீட்டுக்கே வந்தார்கள். தந்தி விஷயத்தை நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப அவ நன்னாத்தான் இருக்காளா" என்றார்கள். இனிமேல் இருப்பாள் மாமி என்றேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

எல்லாவற்றையும் அழி என்றாய், அழித்தேன். ஆள் ஃபைலில் முதல் வரியை மட்டும் அழிக்கவில்லை. எழுதியது கமலவல்லி என்று அது அப்படியே இருக்கிறது. புது ஃபைலிலும் அதே வரியை இப்போதே அடித்துவைத்துவிட்டேன், அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் இல்லை.

அல்லாவும் உன் ஆண்டாளும் உனக்குத் துணையாக இருக்கட்டும். சாருக்கு நான் என்ன பதில் சொல்ல?

உன்,
ஹாஜரா